செகண்ட் என்றால் ஏன் ‘இரண்டாவது’?

‘ஒரு செகண்ட் இருங்க’ என்கிறோம். ‘செகண்ட் கிளாஸ்’, ‘செகண்ட் ரேங்க்’ என்றும் சொல்கிறோம். ஒன்று நேரம், இன்னொன்று வரிசை எண். உச்சரிப்பும் எழுத்தும் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, தற்செயலாக ஒரே மாதிரி அமைந்துவிட்ட இரண்டு தனிச் சொற்கள் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. நேரத்தைக் குறிக்கும் செகண்டும் ‘இரண்டாவது’ என்று பொருள்படும் செகண்டும் ஒரே சொல். நேரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அது இரண்டாவது என்பதால்தான்.

சரி, எதில் இரண்டாவது? முதலாவது எங்கே போயிற்று?

முதலாவது எங்கேயும் போகவில்லை, அதைத்தான் மினிட் என்கிறோம். ஒரு மணி நேரத்தை 60 துண்டாக வெட்டினால் கிடைப்பது முதல் சிறு பகுதி. லத்தீனில் அதை ‘பார்ஸ் மினுட்டா ப்ரீமா’ என்றார்கள். பார்ஸ் என்றால் பகுதி, மினுட்டா என்றால் சிறியது, ப்ரீமா என்றால் முதலாவது. அந்தச் சிறு பகுதியை மறுபடி 60 துண்டாக வெட்டினால் வருவது ‘பார்ஸ் மினுட்டா செகுண்டா’, அதாவது இரண்டாம் சிறு பகுதி. நீளமான பெயர்களை யார்தான் முழுசாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? முதல் பெயரில் ‘சிறியது’ என்ற நடுத்துண்டு மட்டும் மிஞ்சி மினிட் ஆனது. இரண்டாவது பெயரில் ‘சிறியது’ உதிர்ந்து ‘இரண்டாவது’ மட்டும் மிஞ்சி செகண்ட் ஆனது. இரண்டு பெயர்களும் வெவ்வேறு இடத்தில் ஒடிந்ததால்தான் அவை ஒரே குடும்பம் என்பது நமக்குத் தெரியாமல் போய்விட்டது. மினிட் என்ற அதே எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்தில் ‘மைன்யூட்’ என்று படித்தால் ‘மிக நுண்ணிய’ என்று இன்றும் பொருள் வரும். மைனர், மைனஸ் எல்லாம் அதே லத்தீன் வேரின் சொந்தக்காரர்கள்.

இந்த வெட்டு ஐரோப்பாவில் பிறந்ததல்ல. 60-ஐ வைத்து எண்ணும் முறை மெசபடோமியாவில் சுமேரியர்களிடமும் பிறகு பாபிலோனியர்களிடமும் இருந்தது. 60-ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று எதனால் வகுத்தாலும் மீதி வராது. பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டியவர்களுக்கு இதைவிட வசதியான எண் அமையாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த வானியலாளர் தாலமி, வானில் கோள்களின் இடத்தைக் குறிக்க வட்டத்தின் ஒவ்வொரு பாகையையும் இந்த முறையில்தான் 60 60-ஆகப் பிரித்தார். அவருடைய நூல் அரபு மொழிக்குப் போனது, அங்கிருந்து 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரத்தில் லத்தீனுக்கு வந்தது. அரபியில் இன்றைக்கும் நிமிடத்துக்கு ‘தகீகா’ என்றுதான் பெயர், நுண்ணியது என்று பொருள். செகண்டுக்கு ‘ஸானியா’, அதன் நேர்ப்பொருள் இரண்டாவது. கிரேக்கத்தில் செகண்டைச் சொல்லும் ‘தெஃப்தெரோலெப்தோ’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘இரண்டாம் நுண்மை’ என்று அப்படியே இருக்கிறது. எங்கே போனாலும் சொல்லுக்குள் அதே கணக்குதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மினிட், செகண்ட் என்ற பெயர்கள் முதலில் நேரத்துக்காகவே வைக்கப்பட்டவை அல்ல. அவை கோணத்தின் பிரிவுகள். பாகையை வெட்டியவர்கள் அதே கத்தியை எடுத்து மணி நேரத்தையும் வெட்டினார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் இன்றும் வரைபடத்தில் ஓர் இடத்தின் அட்சரேகையை டிகிரி, மினிட், செகண்ட் என்று எழுதுகிறார்கள். அந்த செகண்டுக்கும் கடிகாரத்துக்கும் தொடர்பில்லை, அது கோணம். பூமியின் பரப்பில் அட்சரேகையின் ஒரு செகண்ட் என்பது ஏறக்குறைய 31 மீட்டர். குழப்பம் இன்னும் ஒரு படி மேலே போகும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது, அதாவது மணிக்கு 15 டிகிரி. அப்படியே கீழே இறங்கி வந்தால், நேரத்தின் ஒரு செகண்டில் பூமி கோணத்தின் 15 செகண்ட் திரும்புகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு செகண்ட், இரண்டும் வேறு வேறு. வானியல் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடங்களில் இது ஒன்று. கோண செகண்டை ‘ஆர்க் செகண்ட்’ என்று அடைமொழியோடு சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாம் வெட்டு இருந்தால் மூன்றாம் வெட்டும் இருக்க வேண்டுமே? இருந்தது. சுமார் 1000ஆம் ஆண்டில் பாரசீக அறிஞர் அல் பிரூனி அமாவாசைகளின் நேரத்தைக் கணக்கிட்டபோது மினிட், செகண்ட் என்பதோடு நிற்காமல் மூன்றாவது, நான்காவது என்று இறங்கிக்கொண்டே போனார். 1267இல் இங்கிலாந்தின் அறிஞர் ரோஜர் பேக்கனும் பௌர்ணமிகளுக்கு அதே மாதிரி எழுதினார். ஒரு செகண்டில் 60இல் ஒரு பங்கு ஒரு ‘தேர்ட்’, அதில் 60இல் ஒரு பங்கு ஒரு ‘ஃபோர்த்’. போலந்து மொழியில் ‘தெர்ட்ஸ்யா’ என்றும் துருக்கியில் ‘சாலிசே’ என்றும் மூன்றாம் வெட்டுக்கான சொல் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆங்கிலம் அதைக் கைவிட்டுவிட்டது. செகண்டுக்குக் கீழே போனதும் நாம் 60-ஐ விட்டுவிட்டு 10-க்குத் தாவிவிடுகிறோம். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 செகண்டில் ஓடினார் என்கிறோம். பழைய முறையே நீடித்திருந்தால் 9 செகண்ட், 34 தேர்ட், 48 ஃபோர்த் என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு நாளின் நேரத்தை எழுதும்போது நமக்குத் தெரியாமலே பாபிலோனையும் பத்தின் கணக்கையும் ஒட்டவைத்துத்தான் எழுதுகிறோம், தையல் விழுந்த இடம் செகண்ட்.

மேலேயிருந்தே பத்தின் கணக்காக மாற்றவும் ஒரு முறை முயன்றார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1793இல், ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 மினிட், ஒரு மினிட்டுக்கு 100 செகண்ட் என்று சட்டமே போட்டார்கள். அந்த செகண்ட் நம்முடைய செகண்டில் 0.864 பங்குதான். 1795இலேயே அதைக் கட்டாயம் என்பதிலிருந்து விலக்கிவிட்டார்கள். மீட்டரும் கிலோகிராமும் நிலைத்தன, பத்துமணி நாள் நிலைக்கவில்லை.

அப்புறம், இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. செகண்ட் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்து பல நூறு ஆண்டுகள் வரை அதை யாரும் சரியாக அளந்ததில்லை. அது காகிதத்தில் மட்டும் வாழ்ந்த ஓர் அளவு, வகுத்தால் வரும் விடை. பழைய கடிகாரங்களில் மணி முள் மட்டும்தான் இருக்கும், நிமிட முள்ளே பெரிய விஷயம். 16ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர் டைக்கோ பிராஹே செகண்ட் காட்டும் கடிகாரங்களை வைத்திருந்தார். ஆனால் தன்னிடமிருந்த நான்கு கடிகாரங்களும் நான்கு செகண்ட் வரை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று 1587இல் குறைபட்டுக்கொண்டார். 1656இல் நெதர்லாந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த பிறகுதான் நிலைமை மாறியது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம்கூடத் தப்பிக்கொண்டிருந்த கடிகாரங்கள், சுமார் கால் நிமிடம் மட்டுமே தப்பும் அளவுக்கு வந்தன. பெயர் முதலில் பிறந்து பொருள் பின்னால் வந்து சேர்ந்த சொல் இது.

ஒரு செகண்ட் எவ்வளவு நேரம் என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஒரு நல்ல நூலை எடுத்து, நுனியில் கனமான நட்டு ஒன்றைக் கட்டுங்கள். தொங்கவிடும் இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டருக்கும் சற்றே அதிகமாகக் குறைய வேண்டும், அதாவது 99.4 சென்டிமீட்டர். லேசாக ஒரு பக்கம் இழுத்து, தள்ளாமல் விட்டுவிடுங்கள். இடமிருந்து வலம் போக ஒரு செகண்ட், வலமிருந்து இடம் திரும்ப ஒரு செகண்ட். நட்டின் எடையைக் கூட்டினாலும் மாறாது. வீச்சு குறைந்துகொண்டே வந்தாலும் மாறியது தெரியாது. போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு 30 முறை போய்வருவதை எண்ணிப் பாருங்கள், 60 செகண்டுக்கு வெகு அருகில் வந்து நிற்கும். நூலைப் பாதியாகக் குறைத்தால் நேரம் பாதியாகாது, கால் பங்காகக் குறைத்தால்தான் பாதியாகும். ஐரோப்பாவின் பெரிய நிலைக்கடிகாரங்கள் ஆள் உயரத்துக்கு இருப்பதற்கும் இந்த ஒரு மீட்டர் ஊசல்தான் காரணம். உள்ளே அது ஆட இடம் வேண்டும் அல்லவா.

இந்த நீளம் உலகெங்கும் ஒன்றல்ல என்பது 1672இல் தெரியவந்தது. ழான் ரீஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயான் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை, பூமத்திய ரேகைக்கு அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் சற்றுப் பிதுங்கியது என்பதற்கு அது முக்கியமான சான்றாக அமைந்தது. ஒரு செகண்டைப் பிடித்து நிறுத்தியதும் பூமியின் வடிவமே தெரிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். ‘செகுண்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் இரண்டு அல்ல, ‘பின்தொடர்வது’. சீக்வென்ஸ், சீக்வெல் எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவை. ஒன்றைத் தொடர்ந்து வருவது எதுவோ அதுவே இரண்டாவது. இப்போது நம் கூட்டங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார். ஆங்கிலத்தில் வழிமொழிவதற்கு ‘செகண்ட்’ என்றே பெயர், ‘ஐ செகண்ட் தட்’ என்பார்கள். தமிழில் ‘வழி’ என்பதற்கும் பின் வருவது, தொடர்வது என்ற பொருள் உண்டு, வழித்தோன்றல் என்கிறோமே அந்த வழி. இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வழிமொழிதல் என்ற சொல்லைப் போல இவ்வளவு கச்சிதமான ஈடு வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்காவது நம்மிடம் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆங்கிலத்தின் வரிசை எண்களில் செகண்ட் ஒன்றுதான் வெளியாள். ஃபர்ஸ்ட், தேர்ட், ஃபோர்த் எல்லாம் அந்த மொழியின் சொந்தச் சொற்கள். செகண்ட் மட்டும் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன்னால் ‘இரண்டாவது’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல், இன்று நாம் ‘அதர்’ என்று சொல்லும் அதே சொல். ‘எவ்ரி அதர் டே’ என்று இன்றும் ஒரு வழக்கு இருக்கிறதே, அதில் ‘அதர்’ என்பது ‘மற்ற’ என்ற பொருளில் வரவில்லை, ‘இரண்டாவது’ என்ற அந்தப் பழைய பொருளில் அப்படியே உறைந்து நிற்கிறது. ஒவ்வோர் இரண்டாவது நாளும், நம் பேச்சில் ஒருநாள் விட்டு ஒருநாள். ‘எவ்ரி செகண்ட் டே’ என்றாலும் அதே பொருள்தான். இதை ‘ஒவ்வொரு நொடி நாளும்’ என்று மொழிபெயர்த்து வைத்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? ‘எவ்ரி செகண்ட் கவுண்ட்ஸ்’ என்பதில் மட்டும் அது நொடி. பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வரிசை எண், தனியாக நின்றால் பெரும்பாலும் நேரம். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், முக்கால்வாசி இடங்களில் கைகொடுக்கும்.

கைகொடுக்காத கால்வாசி இடத்தில்தான் வில்லங்கம். ஒரு முறை உடற்பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதில் ‘32ஆவது சோதனை முடிந்ததும் நாடித்துடிப்பைக் குறிக்கவும்’ என்று ஒரு வரி. கையேட்டில் மொத்தமே ஐந்து சோதனைகள். எங்கிருந்து 32 வந்தது என்று மூலத்தை எடுத்துப் பார்த்தால் ‘தேர்ட்டி-செகண்ட் டெஸ்ட்’ என்று எழுத்தில், நடுவில் ஒரு சிறு கோட்டோடு இருந்தது. அது 30 செகண்ட் நடக்கும் சோதனை. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் 32ஆவது என்பதையும் 30 செகண்ட் நீளமுள்ள என்பதையும் எழுத்தால் எழுதினால் ஓர் எழுத்துகூட, ஒரு கோடுகூட வித்தியாசம் கிடையாது. ட்வென்ட்டி-செகண்ட், ஃபார்ட்டி-செகண்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சிக்ஸ்டி-செகண்ட் என்பது 62ஆவதா, 60 செகண்டா? சூழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுபவராக இருந்தால் இந்த இடத்தில் மட்டுமாவது இலக்கத்தில் எழுதுங்கள், பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அப்படி எழுதும்போது ‘30-செகண்ட்’ என்று ஒருமையில்தான் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக நிற்கும்போது ‘செகண்ட்ஸ்’ என்று பன்மை போடக்கூடாது.

இன்னும் சில இடங்கள். ‘செகண்ட் ஹேண்ட்’ என்றால் கடிகாரத்தின் நொடிமுள், ஒருவர் உபயோகித்து முடித்த பொருளுக்கும் அதே பெயர், நேரில் பார்க்காமல் பிறர் சொல்லிக் கேட்ட செய்திக்கும் அதே பெயர். ‘செகண்ட் டு நன்’ என்பதைப் படித்துவிட்டு இரண்டாம் இடம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நேர் எதிர், யாருக்கும் இரண்டாவது அல்ல, அதாவது முதலிடம். ‘செகண்ட் தாட்ஸ்’ என்றால் எடுத்த முடிவில் மனசு கொஞ்சம் பின்வாங்குவது. ‘தி செகண்ட் ஹி கேம் இன்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அது ‘அவன் இரண்டாவதாக வந்தான்’ என்று போகாது, ‘அவன் உள்ளே வந்ததுமே’ என்று போகும், செகண்ட் அங்கே இணைப்புச் சொல்லாகவே மாறிவிடுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஓர் ஊழியரைத் தற்காலிகமாக வேறு துறைக்கு அனுப்புவதற்கும் இதே எழுத்துக்கூட்டல்தான், ஆனால் உச்சரிப்பு மாறும். ‘சிகாண்ட்’ என்று பின்பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அறிவியல் எழுத்தில் செகண்டின் குறியீடு வெறும் சிறிய எஸ். ‘செக்’ என்று மூன்று எழுத்தில் சுருக்குவது அன்றாட வழக்கில் பரவாயில்லை, ஆய்வுக் கட்டுரையில் கூடாது. பெரிய எஸ் போட்டால் அது மின்கடத்தலை அளக்கும் சீமன்ஸ் என்ற வேறோர் அலகு ஆகிவிடும்.

பேச்சில் ‘ஒரு செகண்ட்’ என்பது ஒருபோதும் ஒரு செகண்ட் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் எ செகண்ட்’ என்பவர் இரண்டு நிமிடம் கழித்து வந்தாலும் பொய் சொன்னவர் ஆகமாட்டார். அங்கே அது அளவு அல்ல, ‘உங்களைக் காக்கவைப்பது எனக்குத் தெரிகிறது’ என்ற ஒரு மரியாதை. தமிழில் இதை ‘ஒரு நொடி காத்திரு’ என்று எழுதுவது எனக்கு உறுத்தும், அப்படி யாரும் பேசுவதில்லை. ‘ஒரு நிமிஷம்’, ‘கொஞ்சம் இருங்க’, ‘இதோ வந்துட்டேன்’ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தின் செகண்ட் தமிழில் நிமிஷம் ஆவதில் தப்பேதும் இல்லை. ‘ஃபார் எ செகண்ட் ஐ தாட்’ என்றால் மட்டும் ‘ஒரு கணம் நினைத்தேன்’ என்பது பொருந்தும்.

நிமிஷம் என்றதும் நம் சொற்களையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். நிமிஷம் என்பது கண் இமைப்பதைக் குறிக்கும் வடசொல். நொடி என்பது விரலைச் சொடுக்குவது. தொல்காப்பியம் எழுத்தொலியின் அளவான மாத்திரையைச் சொல்லும்போது, இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும்தான் ஒரு மாத்திரை என்கிறது. அதாவது இமையும் நொடியும் அங்கே சமம். பிறகு மினிட்டுக்கும் செகண்டுக்கும் சொல் தேவைப்பட்டபோது இமைப்பை மினிட்டுக்கும் சொடுக்கைச் செகண்டுக்கும் கொடுத்துவிட்டோம். சமமாக இருந்த இரண்டில் ஒன்று மற்றதைப்போல 60 மடங்காகிவிட்டது. வினாடியின் கதை இன்னும் நுட்பமானது. பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 வினாடி. அப்படிப் பார்த்தால் ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு வினாடி 24 செகண்ட். இன்றைய பாடநூலில் வினாடி என்றால் செகண்ட். பழைய வானியல் கணக்கில் வினாடி என்று பார்த்துவிட்டு அதைச் செகண்டாக எடுத்துக்கொண்டால் 24 மடங்கு பிசகும். ஆங்கிலம் தன் சொல்லுக்குள் கணக்கை வைத்தது, தமிழ் தன் சொல்லுக்குள் உடம்பை வைத்தது என்று எனக்குப் படுகிறது. எது மேல் என்று கேட்டால், நொடி என்ற சொல்லை விரலால் செய்தே காட்டிவிடலாம் என்பதற்காக நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

இப்போது கடைசி விஷயம், இதுதான் பெரிய விஷயமும்கூட. இதுவரை சொன்ன கதையில் நாள்தான் முழுசு, செகண்ட் அதன் துண்டு. 24, 60, 60 என்று பெருக்கினால் 86,400. ஒரு நாளில் 86,400இல் ஒரு பங்கு ஒரு செகண்ட், அவ்வளவுதான். ஆனால் பூமி ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது பூமிக்கு மெல்ல பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரு நூற்றாண்டுக்கு நாள் சுமார் 2 மில்லிசெகண்ட் நீள்கிறது, அதுவும் சீராக இல்லை. அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை வைத்து அளப்பது? 1960இல் பூமியின் சுழற்சியை விட்டுவிட்டு, சூரியனைச் சுற்றும் ஆண்டின் பங்காகச் செகண்டை வரையறுத்தார்கள். அதுவும் நீடிக்கவில்லை. 1955இலேயே இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தார்கள். 1967இல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன: சீசியம் 133 அணுவிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர ஆகும் நேரமே ஒரு செகண்ட்.

அன்றோடு உறவு தலைகீழாகிவிட்டது. அதுவரை நாளை வெட்டிச் செகண்ட் எடுத்தோம், அதற்குப் பிறகு செகண்டை அடுக்கித்தான் நாளைக் கட்டுகிறோம். மீட்டரின் கதையும் அதேதான். ஒரு செகண்ட் ஆடும் ஊசலின் நீளத்தையே மீட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று 1790இல் பிரான்சில் ஒரு யோசனை வந்து, ஏற்கப்படாமல் போனது. 1983இல் மீட்டர் வேறு வழியில் செகண்டிடமே வந்து சேர்ந்தது. வெற்றிடத்தில் ஒளி ஒரு செகண்டில் போகும் தூரத்தில் 29 கோடியே 97 லட்சத்து 92 ஆயிரத்து 458இல் ஒரு பங்கு என்றுதான் இன்று மீட்டரைச் சொல்கிறோம்.

ஆனால் அணு தன் போக்கில் அதிர்கிறது, பூமி தன் போக்கில் சுழல்கிறது, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இந்த இடைவெளியைச் சரிகட்ட 1972 முதல் அவ்வப்போது ஒரு செகண்டைக் கூடுதலாகச் செருகினார்கள், லீப் செகண்ட் என்று பெயர். ஜூன் கடைசி நாளிலோ டிசம்பர் கடைசி நாளிலோ, உலகப் பொது நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் அது வரும். கடிகாரம் 23:59:59 காட்டும், அடுத்து 00:00:00-க்குப் போகாமல் 23:59:60 என்று காட்டும், அதன் பிறகுதான் மறுநாள். அந்த நாளுக்கு மட்டும் 86,401 செகண்ட். 60 என்ற எண் செகண்ட் இடத்தில் வரவே வராது என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் உலகெங்கும் உண்டு, 2012 ஜூன் 30 அன்று செருகியபோது பல வலைத்தளங்கள் முடங்கிப்போயின. ஒரே ஒரு செகண்டுக்காக இத்தனை பாடா என்று பொறியாளர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் செருகாமல் விட்டால் பல நூறு ஆண்டுகளில் கடிகாரத்தின் நண்பகலும் வானத்தின் உச்சிப்பொழுதும் பிரிந்துபோகும் என்று வானியலாளர்கள் சொன்னதையும் தள்ளிவிட முடியாது.

இதுவரை 27 முறை செருகியிருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31. அதன் பிறகு பூமி சற்று வேகம் எடுத்திருப்பதால் தேவை வரவில்லை. இன்னும் வேகமாகச் சுழன்றால் கூட்டுவதற்குப் பதிலாக ஒரு செகண்டை எடுக்க வேண்டிவரும், கடிகாரம் 23:59:58இலிருந்து நேரே 00:00:00-க்குத் தாவ வேண்டும். அப்படி இதுவரை ஒரு முறைகூட நடந்ததில்லை. 2022இல் கூடிய எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு, 2035-க்குள் இந்தச் செருகலை நிறுத்தி, அணுவுக்கும் பூமிக்கும் இடையே ஒரு செகண்டைவிடப் பெரிய இடைவெளியை அனுமதிப்பது என்று தீர்மானித்திருக்கிறது. எவ்வளவு பெரிய இடைவெளி என்பதில்தான் பேச்சு நடக்கிறது.